மண்டையைத் திறந்து காட்டிய மாணவர்

லண்டனின் தென்கோடியில், பெக்கன்ஹாம் பகுதியில் பெத்லெம் மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்த வளாகத்துக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அதன் சேகரிப்பில் உள்ள ஓர் ஓவியத்துக்குப் பெயர் ‘புதிர்ப்பாதை’. தரிசு நிலத்தில் ஒருவன் படுத்துக் கிடக்கிறான். அப்பால் கோதுமை வயல். நாம் அவன் உச்சந்தலைக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். மண்டை பிளந்திருக்கிறது. உள்ளே மூளையைக் காணோம். சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு காட்சி. ஓர் அறையில் பள்ளிப் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒருவனை அடிக்கிறார்கள். இன்னொன்றில் அப்பாவின் கோபத்துக்கு ஆளான சிறுவன். மற்றோர் அறையில் ஓர் ஆள் சோதனைக் குழாய்க்குள் அடைபட்டிருக்க, டாக்டர்கள் சுற்றி நின்று ஆராய்கிறார்கள். அறைகளுக்கு நடுவில் உள்ள பொந்தில் ஒரு வெள்ளை எலி சுருண்டு கிடக்கிறது. வழி தேடி ஓடி ஓடி ஓய்ந்துபோன எலி. மண்டையோட்டின் கண், மூக்கு, வாய்த் துளைகள் வழியாக, தூரத்தில் அவனுடைய கைகளும் கால்களும் தெரிகின்றன.

வரைந்தவர் வில்லியம் குரெலெக். ஆண்டு 1953, அவருக்கு வயது 26. அப்போது அவர் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உள்நோயாளி.

குரெலெக் கனடாக்காரர். ஆல்பர்ட்டா மாகாணத்தில், உக்ரைன் வம்சாவளி விவசாயக் குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் மூத்தவராக 1927-ல் பிறந்தார். பள்ளிக்கூடம் போகும்போது வாயில் உக்ரைன் மொழி மட்டும்தான் இருந்தது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குக் கேலி செய்ய அது போதாதா? வீட்டிலோ, எந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரியாத, மாட்டுக்கு அஞ்சுகிற, எப்போது பார்த்தாலும் கிறுக்கிக்கொண்டிருக்கிற மூத்த மகன். பண்ணை வேலையை வைத்தே ஆளை எடைபோடும் தகப்பனுக்கு அவனால் என்ன பிரயோசனம்? மனித்தோபா பல்கலைக்கழகத்தில் 1949-ல் பட்டம் பெற்றார். பிறகு டொராண்டோவில் ஒன்ராறியோ ஓவியக் கல்லூரியில் ஓராண்டு, மெக்சிகோவில் சான் மிகேல் தெ அயெந்தே ஊரில் சில மாதங்கள். மரம் வெட்டும் முகாம்களில் கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசில் 1952-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஓவியம் கற்பது ஒரு நோக்கம். இன்னொன்று மருத்துவம். ஆண்டுக்கணக்காக விடாத மனச்சோர்வும், காரணம் புரியாத கண்வலியும் அவரை வாட்டின. மாட்ஸ்லியில் சேர்ந்தார்.

இந்த ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘உள்ளே அடக்கிவைத்திருந்த வேதனை பீறிட்டு வந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். குரெலெக் தம் சுயசரிதையில் சொன்ன காரணம் வேறு. மருத்துவமனை தம்மை வெளியே அனுப்பிவிடுமோ என்ற பயம் அவருக்கு. வைத்துக் கவனிக்கத் தகுந்த ஒரு ‘மாதிரி’ என்று டாக்டர்கள் தம்மை மதிக்க வேண்டும் என்பதற்காகவே அதை வரைந்ததாகச் சொல்கிறார். ஒவ்வோர் அறையும் எதைக் குறிக்கிறது என்று விளக்கக் குறிப்பும் எழுதினார். அந்த எலி தம்முடைய ஆன்மா என்று அவரே சொல்லிவிட்டார். ஊகிக்க நமக்கு அவர் அதிகம் மிச்சம் வைக்கவில்லை.

இதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அப்படியானால் நடிப்புதானா என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல் வலிக்கிறவன் டாக்டரைக் கண்டதும் கொஞ்சம் சத்தமாக முனகுவதால் வலி பொய்யாகிவிடாது. குரெலெக்கிடம் வலியும் இருந்தது, தேர்ந்த கையும் இருந்தது, யாரிடம் சொல்ல வேண்டும் என்ற தெளிவும் இருந்தது. போஷ், புரூகல் ஆகிய பழைய ஃபிளாண்டர்ஸ், நெதர்லாந்து ஓவியர்களின் பாணியை நன்றாகப் படித்திருந்தார். ஒரே படத்துக்குள் நூறு சிறு நாடகங்களை அடுக்கும் வித்தை அவர்களிடமிருந்து வந்தது. ஆக, அந்தப் படம் மனசின் எக்ஸ்ரே அல்ல. அது ஒரு மனு. மனு என்றால் அதற்கு ஒரு முகவரி உண்டு. மாணவர் ஒருவர் தம் மனநிலையைப் படமாக வரையும்போது அறிவியல் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இந்த முகவரி பற்றியதுதான் என்பது என் கட்சி. ஆனால் நூறாண்டுக் காலம் அறிவியல் அந்தக் கேள்வியைக் கேட்காமல், படத்தை எக்ஸ்ரேயாக மாற்றத்தான் முயன்றது.

*

அந்த முயற்சி எப்படிச் சறுக்கியது என்பதற்கு, அதே பெத்லெம் அருங்காட்சியகச் சேகரிப்பிலேயே சாட்சி இருக்கிறது. லூயிஸ் வெயின் என்ற ஆங்கிலேயர் பூனைப் படங்களுக்குப் பெயர் போனவர். சட்டை போட்ட பூனை, தேநீர் குடிக்கும் பூனை, கிரிக்கெட் ஆடும் பூனை என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து முழுக்க அவர் பூனைகள்தான். 1924-ல் மனநோய் முற்றி, ஏழைகளுக்கான காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். மறு ஆண்டு பெத்லெமுக்கு மாற்றினார்கள். 1939-ல் அவர் இறந்தார். அதே ஆண்டு வால்டர் மக்லே என்ற மனநல மருத்துவர், லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் ஒரு கடையில் வெயினின் பூனைகள் எட்டைக் கண்டெடுத்தார். எதிலும் தேதி இல்லை. அவற்றை அவரே வரிசைப்படுத்தினார்: முதலில் சாதுவான வீட்டுப் பூனை, பிறகு விழி பிதுங்கிய பூனை, பிறகு தீப்பொறி பறக்கும் பூனை, கடைசியில் பூனையே தெரியாத வண்ணக் கோலம். மனச்சிதைவு நோய் படிப்படியாக மூளையை எப்படிக் குலைக்கிறது என்பதற்கு இதுதான் சான்று என்றார்கள். உளவியல் பாடப் புத்தகங்களில் அந்த வரிசை அப்படியே நிலைத்துவிட்டது. பல கல்லூரிகளின் மாணவர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள்.

வரிசைதான் கற்பனை. காப்பகத்தில் இருந்த கடைசி ஆண்டுகளிலும் வெயின் சாதாரணப் பூனைகளை வரைந்துகொண்டுதான் இருந்தார். கோலம்போன்ற அந்தப் படங்களுக்கும் வேறொரு விளக்கம் உண்டு: அவருடைய அப்பா துணி வியாபாரம், அம்மா கம்பளங்களுக்கும் தேவாலயத் துணிகளுக்கும் வடிவம் வரைந்தவர். வீட்டில் பார்த்து வளர்ந்த சித்திர வேலையை ஒரு ஓவியர் முதுமையில் எடுத்து ஆடிப்பார்த்தார் என்றால் அதில் நோய் எங்கே இருக்கிறது? நோய் அவருக்கு இருந்தது உண்மை. அது பூனையின் மீசையில் எழுதியிருந்தது என்பதுதான் பொய்.

மக்லே தனியாள் அல்ல. 1948-ல் ஜான் பக் என்பவர் ‘வீடு, மரம், மனிதன்’ வரையச் சொல்லும் சோதனையை வெளியிட்டார். 1949-ல் கேரன் மக்கோவர், ஓர் ஆளை வரையச் சொல்லி அதிலிருந்து குணத்தைப் படிக்கும் முறையைப் பரப்பினார். கண்ணை அழுத்தி வரைந்தால் சந்தேகப் புத்தி, தோளை அகலமாக வரைந்தால் ஆண்மை பற்றிய கவலை. இப்படி ஒரு பெரிய பட்டியலே உருவாயிற்று. அனுபவமுள்ள உளவியலாளர்களும் ‘எங்கள் நோயாளிகளிடம் நேரிலேயே பார்த்திருக்கிறோம்’ என்றார்கள்.

லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதி 1967-ல் வெளியிட்ட ஆய்வு இதை அடியோடு ஆட்டியது. நோயாளிகள் வரைந்த மனித உருவங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ‘இவருக்குச் சந்தேகம் அதிகம்’, ‘இவருக்குத் தம் புத்திசாலித்தனம் பற்றிக் கவலை’ என்று ஏதாவது குறிப்பைக் குருட்டாம்போக்கில் ஒட்டினார்கள். படத்துக்கும் குறிப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தத் துறை பற்றி ஒன்றும் தெரியாத கல்லூரி மாணவர்களிடம் அவற்றைக் காட்டி, எந்தக் குணத்தோடு எந்த அடையாளம் சேர்ந்து வருகிறது என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன பதில்: சந்தேகம் உள்ளவர்கள் கண்ணை விசேஷமாக வரைகிறார்கள், புத்தியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் தலையைப் பெரிதாக வரைகிறார்கள். நிபுணர்கள் பல ஆண்டு அனுபவத்தில் ‘கண்டுபிடித்த’ அதே பட்டியல்! தரவில் இல்லாத தொடர்பை நம் மனம் இட்டு நிரப்புகிறது. கண் என்றால் சந்தேகம் என்ற இணைப்பு படத்தில் இல்லை. பார்க்கிறவரின் தலைக்குள் முன்பே இருக்கிறது.

இன்றும் சில பள்ளிகளில் ஒரு குழந்தை கறுப்பு கிரேயானை அதிகம் தேய்த்துவிட்டால் அம்மாவை வரச்சொல்லிக் கவலையோடு பேசுகிறார்கள். டப்பாவில் மிச்சமிருந்தது கறுப்பு மட்டும்தானா என்று ஒரு வார்த்தை கேட்டால் விஷயம் முடிந்திருக்கும்.

தவறாகப் படிப்பது வெறும் கல்விப் பிழையாக முடியாத காலமும் இருந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மருத்துவர், காப்பகங்களில் இருந்தவர்களின் ஓவியங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, அவற்றின் அழகைக் கொண்டாடி 1922-ல் நூல் எழுதினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அதே படங்களை எடுத்து, 1937-ல் மியூனிக்கில் தொடங்கி ஊர் ஊராகப் போன ‘சீரழிந்த கலை’ கண்காட்சிப் பிரசாரத்தில், நவீன ஓவியர்களும் பைத்தியங்களே என்று காட்டப் பயன்படுத்தினார்கள். டிரெஸ்டன் நகரில் கலை படித்த எல்ஃப்ரீட லோசெ-வெக்ட்லர் என்ற ஓவியர் 1929-ல் ஹாம்பர்கில் ஒரு மனநல மருத்துவமனையில் இருந்தபோது, உடனிருந்த பெண் நோயாளிகளின் முகங்களை ஏறக்குறைய 60 சித்திரங்களாக வரைந்தார். ஒவ்வொரு முகமும் ஒரு தனி ஆள்; பரிதாபமும் இல்லை, கேலியும் இல்லை. 1935-ல் அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அதன் பிறகு அவர் வரைவதையே நிறுத்திவிட்டார். 1940-ல் நாஜிகளின் ‘கருணைக்கொலை’த் திட்டத்தில் பிர்னா நகரின் சொன்னன்ஸ்டைன் காப்பகத்தில் கொல்லப்பட்டார்.

*

படத்தை வைத்து மனதைப் படிக்க முடியாது என்றால் வரைவதால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு ஆய்வகங்கள் சொல்லும் பதில், நாம் எதிர்பார்க்கும் பதில் அல்ல.

நம்மில் பெரும்பாலோர் மனசை ஒரு பிரஷர் குக்கராக நினைக்கிறோம்: ஆவி வெளியேறினால் நிம்மதி, அடைத்தால் வெடிக்கும். இதை நேரடியாகச் சோதித்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் ஆகியோர். கல்லூரி மாணவர்களைச் சோகப்படுத்துவார்கள். உருக்கமான படத்தைக் காட்டியோ, சொந்த வாழ்க்கையின் துயர நிகழ்வை நினைக்கச் சொல்லியோ. பிறகு கையில் பென்சிலைக் கொடுத்து, பாதிப் பேரிடம் ‘உங்கள் மனதில் உள்ளதை வரையுங்கள்’ என்பார்கள், மீதிப் பேரிடம் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை. முன்னும் பின்னும் மனநிலையை அளப்பார்கள். சோகத்தைக் கொட்டி வரைந்தவர்களைவிட, வேறொன்றில் மூழ்கி வரைந்தவர்களின் மனநிலைதான் அதிகம் தேறியிருந்தது. சிறுவர்களிடமும் இதே முடிவு. ஒரே நாளோடு நிற்காமல் நான்கு நாள் தொடர்ந்து செய்தபோதும் அப்படியே. குக்கர் கதை பொருந்தவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். சிலர் அற்பமான விஷயங்களைப் பற்றி, சிலர் தம் வாழ்வின் ஆழமான காயத்தைப் பற்றி. காயத்தைப் பற்றி, அது நேர்ந்த விதத்தையும் அதை ஒட்டிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த உடனே மற்றவர்களைவிட வாடிப்போனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள்தான் கல்லூரி மருத்துவமனைக்குக் குறைவாகப் போனார்கள். பின்னால் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்று தெரிந்தது. அந்த முறையில் நடந்தது கொட்டுதல் மட்டுமல்ல. குழப்பமாகக் கிடந்த ஒன்றுக்கு முன், பின், காரணம் என்று ஒரு வடிவம் கிடைத்தது.

வடிவம் தருவதற்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் காட்டியது. கோபமோ பயமோ தெறிக்கும் முகங்களைப் பார்க்கும்போது மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா என்ற பகுதி உசுப்பப்படும். ஆபத்து மணி அடிக்கும் இடம் அது. அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொல்லச் சொன்னபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது, நெற்றிக்குப் பின்னால் வலப்பக்க முன்மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்படைந்தது. குரெலெக் தம் மண்டைக்குள் அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினாரே, அதில் இதுபோன்ற ஏதோ நடந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல அவர் மூளையை யாரும் ஸ்கேன் செய்துவைக்கவில்லை. 1953-ல் அந்த எந்திரமே கிடையாது.

வெறும் கைவேலையின் அமைதியும் ஒன்று இருக்கிறது. நான்சி கரி, டிம் காசர் ஆகியோர் 2005-ல் 84 மாணவர்களைப் பதற்றப்படுத்திவிட்டு வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள். மண்டலக் கோலத்துக்கும் கட்டம் போட்ட வடிவத்துக்கும் வண்ணம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் நன்றாக இறங்கியது. வெற்றுத்தாளைக் கொடுத்து ‘இஷ்டப்படி வரை’ என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த அளவு இறங்கவில்லை. மனம் கலங்கிக் கிடப்பவர் முன் வெள்ளைத்தாளை நீட்டி ‘உன் உணர்வைக் கொட்டு’ என்பது நாம் நினைக்கிற உபகாரம் அல்ல. 2016-ல் கிரிஜா கைமல் குழு 39 பேரை 45 நிமிடம் எதையாவது உருவாக்கச் சொல்லி உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை அளந்தது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு அது. சும்மா 45 நிமிடம் உட்கார்ந்திருந்தாலும் குறைந்திருக்குமோ என்னவோ.

கலைச் சிகிச்சையை மருந்துபோல் முறையாகச் சோதித்த பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. மனச்சிதைவு உள்ள 417 பேர். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை ஓராண்டு குழுக் கலைச் சிகிச்சை. இரண்டாண்டு கழித்துப் பார்த்தால் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2012-ல் முடிவு வெளியானதும் கலைச் சிகிச்சையாளர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு: அழைக்கப்பட்டவர்களில் கணிசமானோர் ஒருமுறைகூட அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. வராதவரை எந்தச் சிகிச்சையும் தேற்றாது. ஆனாலும் அந்த ஆய்வின் பாடத்தை மழுப்பக் கூடாது. தூரிகையை எல்லோர் கையிலும் மாத்திரைபோல் திணித்தால் வேலை செய்யாது.

*

மறுபடி குரெலெக். ‘புதிர்ப்பாதை’ வரைந்ததால் அவர் குணமாகவில்லை. 1953 இறுதியில் சரே மாவட்டத்தில் உள்ள நெதர்ன் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். 1954-ல் தற்கொலைக்கு முயன்றார், காப்பாற்றப்பட்டார். மின் அதிர்வுச் சிகிச்சை தந்தார்கள். இவ்வளவு துல்லியமாகத் தம் வேதனையைக் காட்டியவர், காட்டிய மறு ஆண்டே அந்த விளிம்புக்குப் போனார் என்பதை, ‘வரைந்தால் சரியாகிவிடும்’ என்று சொல்கிற ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெதர்னில் எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர் இருந்தார். காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது வரைந்து தேறி, ‘கலைச் சிகிச்சை’ என்ற சொல்லை 1942-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஏட்ரியன் ஹில்லின் வட்டத்தைச் சேர்ந்தவர். 1946-ல் நோயாளிகளுக்கு ஓவியம் பற்றிப் பேச ஆடம்சன் அங்கே வந்தபோது, பீகன் என்ற நோயாளி அவரிடம் சில தாள்களைக் கொடுத்தார். கழிவறைக் காகிதம். எரிந்த தீக்குச்சிக் கரியால் அதில் முகங்களும் மிருகங்களும் வரைந்திருந்தார். காகிதமும் கிடையாது, பென்சிலும் கிடையாது. கிடைத்ததை வைத்து வரைந்திருக்கிறார். பார்க்க ஒரு ஆள் வந்ததும் கையில் கொடுத்துவிட்டார். அந்தத் தாள்கள் இன்றும் லண்டனில் வெல்கம் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன.

அங்கிருந்த மருத்துவர் கன்னிங்ஹாம் டாக்ஸ், ஆடம்சனை நோயாளிகளின் ஓவியக்கூடத்துக்குப் பொறுப்பாளராக வைத்துக்கொண்டு ஒரு கட்டளை போட்டார்: எப்படி வரைவது என்று சொல்லித்தரக் கூடாது, படத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே வண்ணங்கள். நோக்கம் அன்பு அல்ல. நோய்க்குறிகளைக் கலப்படமில்லாமல் ஆராய வேண்டும் என்பதுதான். அதாவது சுத்தமான எக்ஸ்ரே வேண்டும். அந்த ஆராய்ச்சியால் பெரிதாக ஒன்றும் விளையவில்லை. ஆனால் அந்தக் கட்டளையின் பக்கவிளைவாக, அதிகாரம் செய்யாத, அர்த்தம் சொல்லாத, வாரம் தவறாமல் வந்து உட்காருகிற, வரைந்ததைத் தூக்கிப்போடாமல் பாதுகாக்கிற ஒரு மனிதர் அந்த மருத்துவமனைக்குக் கிடைத்தார். ஆடம்சன் அங்கே 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். மனநல மருத்துவத்தில் தற்செயலாகக் கிடைத்த நல்ல கண்டுபிடிப்புகளில் இதையும் சேர்க்கலாம் என்பேன்.

குரெலெக்கைத் தேற்றியது எது? அவரைக் கேட்டால் கடவுள் என்பார். 1957-ல் கத்தோலிக்கராக மதம் மாறினார். மருத்துவர்கள் சிகிச்சையைச் சொல்லக்கூடும். மாட்ஸ்லியில் அவரோடு பேசிப் பழகி, கவிதையும் நம்பிக்கையும் பகிர்ந்த மார்கரெட் ஸ்மித் என்ற தொழில்வழிச் சிகிச்சையாளரையும் மறக்க முடியாது. படங்களுக்குச் சட்டமிடும் தொழில் கற்று, கனடா திரும்பி, 1960-ல் டொராண்டோவின் ஐசக்ஸ் கூடத்தில் முதல் கண்காட்சி வைத்தார். திருமணம், நான்கு குழந்தைகள், ஆயிரக்கணக்கில் படங்கள். பிள்ளைப் பருவத்துப் பனிக்காலத்தை அவர் வரைந்து எழுதிய சிறுவர் நூலைக் கனடாவில் பலர் படித்து வளர்ந்தார்கள். அடிபட்ட அதே பள்ளி மைதானங்களை, இந்தத் தடவை விளையாட்டோடும் வெளிச்சத்தோடும் வரைந்தார். 1971-ல் ‘புதிர்ப்பாதையிலிருந்து வெளியே’ என்று ஒரு படம்: புல்வெளியில் அவர் குடும்பம் உண்பதற்கு முன் பிரார்த்திக்கிறது; ஓரத்தில் அந்தப் பழைய மண்டையோடு காலியாகக் கிடக்கிறது; அடிவானத்தில் புயல் மேகம். மேகத்தை அவர் அழிக்காமல் விட்டதுதான் அந்தப் படத்தின் நேர்மை. 1977-ல் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகு 1981-ல், பையன்கள் அடித்துக்கொள்ளும் காட்சி உட்பட ‘புதிர்ப்பாதை’யின் பகுதிகளை வேன் ஹேலன் என்ற ராக் இசைக்குழு தன் இசைத்தட்டின் அட்டையில் போட்டது. டாக்டர்களுக்கு எழுதிய மனு எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

நம் ஊரிலும் ஒருவர் இருந்தார். கே. ராமானுஜம், 1940-ல் பிறந்தவர். சென்னை அரசு ஓவிய, கைவினைப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் திரண்ட தலைமுறையின் மாணவர். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். மனநோயோடு போராடினார். ஆனால் அவர் தாளில் வதையைக் காண முடியாது. கறுப்பு மையில், இண்டு இடுக்கு விடாமல் நுணுக்கமாக இழைத்த கனவு நகரங்கள், மாட மாளிகைகள், விசித்திர மிருகங்கள். நடுவே தொப்பி வைத்த ஒரு மனிதர், அது அவரேதான். நிஜ வாழ்க்கை தராத மரியாதையை அந்த நகரங்கள் அவருக்குத் தந்தன. டிரேக்கும் வின்னரும் சொன்ன ‘வேறொன்றில் மூழ்குதல்’ இதுதான். குரெலெக் செய்ததற்கு நேர் எதிர். ஆனால் 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, ராமானுஜம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வதையை வரைந்தவர் பிழைத்தார், மாளிகையை வரைந்தவர் பிழைக்கவில்லை. படத்தைப் பார்த்து ஆபத்தை அளப்பவர்கள் இந்த இருவரின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். யாருக்காகப் பதறியிருப்பார்கள்?

*

ஒரு மாணவரின் நோட்டின் கடைசிப் பக்கத்திலோ, போனில் வரைந்து அனுப்பிய படத்திலோ பயமுறுத்தும் எதையாவது கண்டால் என்ன செய்வது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கிறார்கள். படத்துக்கு அர்த்தம் சொல்லாதீர்கள். ‘ஏன் இப்படிக் கண்டதையும் வரையறே?’ என்ற கேள்வி கதவைச் சாத்திவிடும். ‘நல்லா வரைஞ்சிருக்கே’ என்பதும் அவ்வளவு உதவாது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் நழுவும் வழி அது. ‘இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லேன்ப்பா’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வர நேரம் ஆகும். அவர் காட்டாமல் நீங்களாகப் பையைத் துழாவிக் கண்டெடுத்த படம் என்றால், முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். காட்டிய படத்தை அனுமதியில்லாமல் ஆசிரியர் அறையில் சுற்றுக்கு விடாதீர்கள், வாட்ஸாப்பில் போடாதீர்கள்.

ஆபத்தை அளக்கப் படத்தை நம்பாமல் ஆளைக் கேளுங்கள். தூக்கம், சாப்பாடு, கூட்டாளிகளோடு பேச்சு இவை மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆம் என்று பதில் வந்தால் தனியே விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வண்ணப் பெட்டி வாங்கிக்கொடுப்பது அதற்கு மாற்று ஆகாது, இரண்டும் வேண்டும்.

இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. மாணவர்கள் மட்டுமல்ல, அவர்களுக்காகக் கவலைப்படுகிற ஆசிரியரும் பெற்றோரும்கூட இந்த எண்களை அழைத்து யோசனை கேட்கலாம்.